நிரூபிக்க வேண்டியது யார்?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சவுத் வார்ன்பரோ என்றொரு சிற்றூர். அங்கே கிராமக் கடையையும் அதற்குள்ளேயே இயங்கிய அஞ்சலகத்தையும் நடத்திவந்தவர் ஜோ ஹாமில்டன். 2003இல் ஒருநாள் கணக்கை முடிக்கும்போது 2,000 பவுண்டு துண்டு விழுந்தது. உதவி எண்ணை அழைத்தார். அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டினார். தட்டி முடித்தபோது துண்டு 4,000 ஆகியிருந்தது.

விழுந்த துண்டை யார் தலையில் கட்டுவது என்பதில் அஞ்சல் நிறுவனத்துக்குக் குழப்பமே இல்லை. ஹாமில்டன் அதன் ஊழியர் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் அஞ்சலகம் நடத்தும் சப் போஸ்ட்மாஸ்டர். குறையும் பணத்தைக் கட்டுவது அவர் பொறுப்பு என்று நிறுவனம் அந்த ஒப்பந்தத்துக்குப் பொருள் கொண்டது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார். துண்டு மீண்டும் விழுந்தது. ஒரு கட்டத்தில் கட்டப் பணமில்லாமல், கணக்கு சரியாக இருப்பதாகத் திரையில் ஒப்புதல் கொடுத்துவிட்டு மறுநாள் கடையைத் திறந்தார். அப்படித் திறந்ததுதான் பின்னால் குற்றமானது. 36,000 பவுண்டு திருடியதாக வழக்கு. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதானால் பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள்கிறேன் என்று தலைகுனிந்தார். திருடியதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று அஞ்சல் நிறுவனத்தின் சொந்தப் புலனாய்வாளரே எழுதிவைத்திருந்தார் என்பது வெகுகாலம் கழித்து வெளியே வந்த செய்தி.

டிஜிட்டல் கால அறம் என்று பேச ஆரம்பித்தால் நம் பேச்சு இரண்டு தடங்களில்தான் ஓடும். பிள்ளைகள் கைப்பேசியை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது ஒன்று. நம் தகவல்களை நிறுவனங்கள் திருடுகின்றனவா என்பது இன்னொன்று. இரண்டும் முக்கியமானவை, மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தியதாக எனக்குப் படுவது வேறொரு கேள்வி. ஒரு மனிதர் ஒன்றைச் சொல்கிறார், கணினி வேறொன்றைச் சொல்கிறது; அப்போது தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்கு ஒரு நாடு சொன்ன தவறான பதில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சலக வழக்குகளைவிட முழுமையான ஆவணம் வேறில்லை.

ஹாரைசன் என்ற அந்தக் கணக்கு மென்பொருளை ஐசிஎல் என்ற நிறுவனம் உருவாக்கியது. பின்னர் அது ஜப்பானின் புஜிட்சுவோடு இணைந்தது. தொடக்கத்தில் அது அஞ்சலகத்துக்காக மட்டும் திட்டமிடப்பட்டதல்ல; அரசு உதவித்தொகைகளை அட்டை மூலம் வழங்குவதற்கான பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் திட்டத்திலிருந்து சமூகநலத் துறை 1999இல் விலகிக்கொண்டது. மிஞ்சியதை அஞ்சலகம் ஏற்று, நாடெங்கும் உள்ள கிளைகளில் நிறுவத் தொடங்கியது. காகிதப் பேரேடுகள் போயின. பேரேட்டில் தவறு நேர்ந்தால் பக்கத்தைப் புரட்டி எந்த வரியில் நேர்ந்தது என்று தேடலாம். ஹாரைசனில் கிளை நடத்துபவருக்குத் தெரிந்ததெல்லாம் இறுதித் தொகை மட்டும்தான் என்று சொல்லலாம். அதன் பின்னால் என்ன நடந்தது என்பதைப் பார்க்கும் வசதி மிகக் குறைவு.

இதே காலத்தில் சட்டத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆவது பிரிவின்படி, கணினி தந்த ஆவணத்தைக் குற்றவழக்கில் சான்றாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்பதையும் காட்ட வேண்டும். இது வீண் தொல்லை, நடைமுறைக்குப் பயன் இல்லை என்று சொல்லி அதை நீக்கச் சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைத்தது. 1999இல் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது; 2000 ஏப்ரலில் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பழைய பொதுச்சட்ட அனுமானமே மிஞ்சியது: எந்திரம் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஹாரைசன் ஆயிரக்கணக்கான கிளைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

சட்ட ஆணையத்தின் வாதம் முட்டாள்தனமானது அல்ல. வேகத்தை அளக்கும் கருவி, மூச்சில் மதுவை அளக்கும் கருவி, வங்கி ரசீது என எல்லாவற்றுக்கும் ஒரு பொறியாளரைக் கூண்டில் ஏற்றினால் நீதிமன்றம் நடக்காது. ஆனால் ஒரே ஒரு அளவைச் சொல்லும் கருவியும், ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வரும் கொடுக்கல் வாங்கலை வலையமைப்பின் வழியே வாங்கிச் சேர்த்து, கழித்து, திருத்தி வைக்கும் ஓர் அமைப்பும் ஒரே இனமல்ல. இன்னொன்றும் உண்டு. மூச்சுக் கருவி தவறு என்று தெரிந்தால் காவலருக்குக் கைநஷ்டம் எதுவும் கிடையாது. ஹாரைசன் தவறு என்று தெரிந்தால் வழக்குத் தொடுத்தவருக்கே நஷ்டம். குற்றம்சாட்டுபவரும் கணினிக்குச் சொந்தக்காரரும் அதன் கணக்கு சரியாக இருப்பதால் பயனடைபவரும் ஒருவரே என்னும்போது அனுமானத்தின் பலனை அவருக்கே கொடுப்பது எந்த வகை நியாயம்?

இங்கிலாந்தில் அஞ்சல் நிறுவனம் காவல்துறையை நாடாமல் தானே குற்றவழக்குத் தொடுக்கலாம், தொடுத்தது. 1999க்கும் 2015க்கும் இடையே ஹாரைசன் கணக்கை ஆதாரமாகக் கொண்டு 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 700 வழக்குகள் நிறுவனமே தொடுத்தவை. சரே பகுதியின் வெஸ்ட் பைஃப்லீட்டில் அஞ்சலகம் நடத்திய, இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா 74,000 பவுண்டு திருடினார் என்று 2010இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவர் கர்ப்பிணி. தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். அந்த வழக்கில் வென்றதும், ஹாரைசனைக் குறைசொல்லிக் கிளம்புபவர்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கும் என்ற பொருளில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் பின்னாளில் விசாரணையில் படிக்கப்பட்டது. பிரிட்லிங்டனில் லீ காசில்டன் சிவில் வழக்கை எதிர்கொண்டார். துண்டு 25,000 பவுண்டுக்குச் சற்று மேல், தோற்றபோது தலையில் விழுந்த வழக்குச் செலவு 3 லட்சத்து 21,000 பவுண்டு. திவாலானார்.

மென்பொருளில் பிழை இருந்தது என்பதை மட்டும் இங்கே அறப்பிரச்சினையாகப் பார்ப்பது தவறு. பிழையில்லாத மென்பொருள் உலகத்தில் இல்லை. எழுதியவர்களுக்கே அது தெரியும். ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் ஊர்ப் பெயரால் அறியப்படும் ஒரு பிழையைப் பாருங்கள். திரை உறைந்துபோகும், பயனர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவார், ஒவ்வொரு அழுத்தலையும் ஹாரைசன் புதிதாக வந்த பணமாகப் பதிந்துகொள்ளும். ஒருமுறை வந்த 8,000 பவுண்டு இப்படி நான்கு முறை பதிவானது. பெட்டியில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அந்தக் கிளையை நடத்திய பெண்மணி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நல்லவேளை, 2015இல் நேர்ந்ததால் அது பிழையென்று கண்டறியப்பட்டது. அதே போன்றது பத்தாண்டுகளுக்கு முன் நேர்ந்திருந்தால்?

அறம் பிறழ்ந்த இடம் வேறு. புஜிட்சுவிடம், தெரிந்த பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று இருந்தது. அஞ்சல் நிறுவனம் அதை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் நீதிமன்றத்தில் நெடுங்காலம் இழுத்தடித்தது. கிளைக் கணக்குக்குள் கிளை நடத்துபவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது என்று சொல்லிவந்தது. புஜிட்சு ஊழியர்களால் நுழைய முடிந்தது. இவற்றையெல்லாம்விட எனக்குக் கொடுமையாகத் தெரிவது உதவி எண்ணில் பலருக்கும் சொல்லப்பட்ட ஒரு பதில்: இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது, வேறு யாருக்கும் வரவில்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் தனித்தனியாகச் சொல்லப்பட்ட பொய் அது. பேரேட்டில் தவறு தேட வழியில்லாத ஒருவர், மற்றவர்களுக்கு வரவில்லை என்று கேட்டதும், தன் கையையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்; பிறகு கடையில் வேலைசெய்யும் பிள்ளையை; சிலர் தம் வீட்டாரை. இந்த வழக்குகளை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் தலைவர் வின் வில்லியம்ஸ் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது.

அந்தப் பொய்யை உடைக்க ஒரு பத்திரிகையும் ஒரு சங்கமும் வேண்டியிருந்தது. வேல்ஸின் லாண்டுட்னோவில் அஞ்சலகம் நடத்தி, துண்டைக் கட்ட மறுத்ததால் 2003இல் ஒப்பந்தத்தை இழந்த ஆலன் பேட்ஸ், தம்மைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டே இருந்தார். 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டில் பாதிக்கப்பட்டவர்களின் கூட்டமைப்பு உருவானது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் ஹாரைசனின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அவை இல்லவே இல்லை என்ற நிறுவனத்தின் நிலைப்பாட்டை, பூமி தட்டை என்று இன்றைக்கும் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. ஹாமில்டனும் மிஸ்ராவும் அவர்களில் இருந்தார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகி நாடு கொதித்த பிறகுதான், அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு விடுதலை அளித்தது. இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களால் முடியாததை நான்கு இரவுகளில் ஒரு நாடகம் செய்தது என்று மெச்சுபவர்கள் உண்டு. எனக்கு அதில் மெச்ச எதுவும் தோன்றவில்லை. தொடர் எடுக்க ஆளில்லாத ஊர்களில் என்ன செய்வது?

இது பிரிட்டனின் தனி நோய் அல்ல. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர்பெற்ற திட்டம் 2015 முதல் 2019 வரை நடந்தது. உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். வரித் துறையிடமோ ஆண்டு வருமானம் மட்டும்தான் இருந்தது. கணினி அதை 26ஆல் வகுத்தது. ஆறு மாதம் வேலை பார்த்து, வேலை போன பின் ஆறு மாதம் உதவித்தொகை வாங்கிய ஒருவர், அந்தச் சராசரிப்படி ஆண்டு முழுவதும் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கிய ஏமாற்றுக்காரராகிவிடுவார். கடன் பாக்கி என்று கடிதம் வரும். இல்லை என்றால் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைக் காட்ட வேண்டும். முன்பு துறை அலுவலர் விசாரித்து நிறுவ வேண்டியிருந்ததைப் பயனாளியின் தலைக்கு மாற்றியதில்தான் அந்தத் திட்டத்தின் சிக்கனம் முழுவதும் இருந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் சட்டவிரோதமாகப் பணம் கேட்கப்பட்டது. 2023இல் அரச ஆணையம், முரட்டுத்தனமும் கொடூரமும் கொண்ட ஏற்பாடு என்று அதைக் கண்டித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோர் பல்லாயிரம் பேர் மோசடிக்காரர்களாக முத்திரை குத்தப்பட்ட விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அங்கே சந்தேகப் பட்டியலுக்கு உதவிய அடையாளங்களில் ஒன்று வேற்று நாட்டுக் குடியுரிமை.

நம் ஊரில் இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் எழுவதைவிட ரேஷன் கடையில்தான் அதிகம் எழுகிறது. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்தது. சிமெண்ட் கலவையிலும் சுண்ணாம்பிலும் நாற்று நடவிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் ரேகை தேய்ந்த விரல்கள், வயதாகி ஈரம் வற்றிய விரல்கள், எதையும் கருவி ஏற்கவில்லை. "ரேகை விழல பாட்டி, நாளைக்கு வாங்க" என்பது கடைக்குக் கடை கேட்ட வாசகம். அதைச் சொல்லும் விற்பனையாளருக்கு அந்தப் பாட்டியை இருபது வருடமாகத் தெரியும்; பாட்டி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தும் அவர் அறிந்தது செல்லாது, கருவி அறியாதது செல்லும். ரேகை விழாவிட்டாலும் பொருள் கொடுக்கலாம் என்ற அறிவுறுத்தலும், வர இயலாத முதியோருக்குப் பதில் இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும், பின்னர் படிப்படியாகக் கருவிழிக் கருவியும் வந்தன. எல்லோருக்கும் குடும்ப அட்டை என்ற பழைய கொள்கையும் எதையாவது பிடித்துக் கேட்கிற நம் மக்களின் வாயும் சேதத்தைக் குறைத்தன என்று நினைக்கிறேன்.

ஜார்க்கண்டில் அப்படி நடக்கவில்லை. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரை இணைக்காததால் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகி மாதக்கணக்கில் அரிசி இல்லை, பசியால் இறந்தாள் என்றது குடும்பம். காய்ச்சல் என்றது நிர்வாகம். ஆதார் இல்லாத காரணத்தால் யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று அடுத்த மாதம் மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அம்மாநிலத்தில் நடத்திய பெரிய ஆய்வு, விரல்ரேகைச் சரிபார்ப்பு மட்டுமே ஊழலைக் குறைக்கவில்லை என்றும், ஆதாரை முன்னரே இணைக்காதிருந்தவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டது. அளவில் திருடும் கடைக்காரர் ரேகையைச் சரியாக வாங்கிக்கொண்டே அளவில் திருடலாம். கருவி யாரைச் சோதித்தது என்பதிலேயே அரசு யாரைச் சந்தேகித்தது என்பது தெரிகிறது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதாரை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், மனிதரின் கண்ணியத்தையும் உரிமையையும் கணிதச் சாத்தியக்கூறுகளின் கையில் விடக் கூடாது என்ற நிலையை எடுத்தார். பெரும்பான்மைத் தீர்ப்பு விலக்கப்படுபவர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தது. ஆனால் நிரூபிக்கும் சுமையை அவர்களிடமிருந்து மாற்றித்தரவில்லை.

சட்டப் புத்தகத்தில் நாம் பிரிட்டனைவிடக் கவனமாக இருப்பதுபோலத் தோன்றும். மின்னணுச் சான்றுக்குக் கணினி ஒழுங்காக இயங்கியது என்ற சான்றிதழ் வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்டது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவும் கேட்கிறது. ஆனால் கணினி ஒழுங்காக இயங்கியது என்று அதில் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் கணினியை வைத்திருப்பவர். கோப்பை நகலெடுத்தபோது மாறவில்லை என்று அவர் உறுதிசொல்லலாம். கோப்பில் இருப்பது முதலிலேயே சரியா என்பது வேறு கேள்வி. ஹாரைசன் கணக்குகளுக்கும் அப்படியொரு சான்றிதழ் சிரமமின்றிக் கிடைத்திருக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆவது உறுப்பு, முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் பெரிய முடிவுகளுக்கு ஆட்படாதிருக்கும் உரிமையைத் தருகிறது. கடன் தகுதிக்கு மதிப்பெண் போடுவதுகூட, வங்கி அதையே பெரிதும் நம்பினால், அப்படிப்பட்ட முடிவுதான் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நம் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. கணினி எடுத்த முடிவை ஒரு மனிதர் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை.

வெளிப்படைத்தன்மை, நியாயம், பொறுப்புடைமை என்று நிறுவனங்கள் அச்சடித்து மாட்டியிருக்கும் அறக்கோட்பாடுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றில் அஞ்சல் நிறுவனமும் தயக்கமின்றிக் கையெழுத்திட்டிருக்கும். கேட்க வேண்டியவை இன்னும் சில்லறையானவை. கருவி மறுத்தால் அதை மீறிக் கொடுக்கும் அதிகாரம் அந்த இடத்திலேயே நிற்கும் மனிதருக்கு உண்டா? மீறியதற்காக அவர் தண்டிக்கப்படுவாரா? இதே புகார் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்பதைப் புகார் கொடுப்பவர் பார்க்க முடியுமா? முடிவாகும்வரை பணமோ அரிசியோ யார் கையில் இருக்கும்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. பிரிட்டனில் துண்டை முதலில் கட்டிவிட்டுத்தான் வாதாட வேண்டும் என்றிருந்தது. அப்படியிருந்தால் கணினியின் சொந்தக்காரருக்கு உண்மையைக் கண்டுபிடிக்க எந்த அவசரமும் இராது.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்குச் சொல்ல நம்மிடமே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றி மின்னணு முறையில் பணம் போனால், அதற்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்கிறது. வங்கி மேலும் தவறில்லை, வாடிக்கையாளர் மேலும் தவறில்லை என்ற வகையில் மூன்று வேலை நாள்களுக்குள் தகவல் சொன்னவருக்கு இழப்பே கிடையாது. புகார் வந்த பத்து வேலை நாள்களுக்குள், விசாரணை முடியுமுன்பே, தொகையைக் கணக்கில் வரவு வைக்கவும் சொல்கிறது. 2019 செப்டம்பரில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, யூபிஐயில் கடைக்காரருக்குப் போய்ச் சேராத பணம் குறிப்பிட்ட நாள்களுக்குள் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது. டீக்கடைச் சவுண்ட் பாக்ஸ் வாய்திறக்காமல், நம் கைப்பேசி மட்டும் பணம் போய்விட்டது என்று காட்டும்போது கடைக்காரரும் நாமும் சண்டைபோடாமல் பிரிவதற்கு இப்படிப்பட்ட விதிகளும் ஒரு காரணம். நடைமுறையில் வங்கிகள் இன்னும் அலைக்கழிக்கத்தான் செய்கின்றன; ஆனால் அலைக்கழிக்கப்படுபவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கிறது.

ரேஷன் அட்டைக்கும், முதியோர் உதவித்தொகைக்கும், ஊரக வேலைத் திட்டத்தின் செயலி வருகைப் பதிவுக்கும் அதே வாசகத்தை எழுதிச் சேர்ப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. ரேகை விழாத நாளில் அரிசியைக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் அவரல்ல என்பதைத் துறை பிறகு நிரூபித்துக்கொள்ளலாம். பிரிட்டனோ, கணினி சரியாகத்தான் இருக்கும் என்ற தன் அனுமானத்தை மறுபரிசீலனை செய்யலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியதே 2025 ஜனவரியில்தான்.